பாதியில் நின்ற 1951 செவர்லே பிக்கப்: எங்கே ஆரம்பிப்பது?

கேள்வி சுருக்கமாக இது: தேவகோட்டையில் ஒரு வீட்டுக் கொட்டகையில் கிடந்த 1951 செவர்லே 3100 பிக்கப்பை வாங்கியிருக்கிறீர்கள். முன்பு வைத்திருந்தவர் ஏழு வருடத்துக்கு முன் மொத்தமாகப் பிரித்து, பாதி வேலை பார்த்து நிறுத்திவிட்டார். சேஸிஸ் கறுப்பு அடித்துப் பளபளவென்று நிற்கிறது. கேபின் சாம்பல் நிறப் பிரைமரில் தனியே மரக்கட்டைமேல் இருக்கிறது. எஞ்சினை "ஓவராயில் முடிந்தது" என்று சொல்லி பாலித்தீன் சுற்றிக் கொடுத்திருக்கிறார். மிச்சம் பதினாலு சாக்குமூட்டை. முதலில் எதில் கைவைப்பது, என்னென்ன சாமான் வாங்குவது என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்கு ஒன்றும் வாங்காதீர்கள். இப்படிக் கைமாறி வரும் வண்டியில் செய்யாத வேலை கண்ணுக்குத் தெரியும், அதற்குக் கணக்குப் போட்டுவிடலாம். "அது முடிந்தது சார்" என்று சொல்லிக் கொடுத்த வேலைதான் பின்னால் வந்து கழுத்தைப் பிடிக்கும். கறுப்பு அடித்த சேஸிஸ், பிரைமர் போட்ட கேபின், மூடிய எஞ்சின், இந்த மூன்றையும் முடியாத வேலையாகவே எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சோதித்து ஏற்றுக்கொள்ள வேண்டும். முதல் இரண்டு மாதம் அதற்கே போகும்.

ஆரம்பம் சாக்குமூட்டையில். பெரிய தார்ப்பாயை விரித்து, வண்டியின் உருவத்தையே தரையில் சுண்ணாம்புக்கட்டியால் வரைந்துகொள்ளுங்கள்: முன் ஆக்சில், ஸ்டியரிங், எஞ்சின் சுற்று, கிளட்ச் பெடல், கேபின், கதவு, பின் டெக், பின் ஆக்சில். ஒவ்வொரு சாமானும் வண்டியில் எங்கே உட்காருமோ அங்கே தரையில் உட்காரட்டும். பட்டியல் எழுதினால் ஓட்டை தெரியாது, இப்படிப் பரப்பினால் தெரியும். இந்த வேலையை ஆத்தங்குடி கல் பதித்த தரையில் செய்யாதீர்கள். அது கையால் வார்த்த சிமெண்டுக் கல், எண்ணெயைக் குடித்துவிட்டால் பிறகு எதைப் போட்டுத் துடைத்தாலும் கறை போகாது.

பரப்பியதும் முதலில் தேட வேண்டியவை வலதுகைப் பக்கத்து ஸ்டியரிங்குக்கே உரிய சாமான்கள். ஜெனரல் மோட்டார்ஸ் 1928-லிருந்து 1954 வரை பம்பாய் சிவ்ரியில் வண்டி பூட்டியது. இந்தியாவில் ஓடிய செவர்லேக்கள் வலதுகை ஓட்டம். அமெரிக்காவில் 1947 முதல் 1953 வரையான பிக்கப்புக்கு இன்றும் ரப்பர் பீடிங்கிலிருந்து முழு மட்கார்டு வரை புதிதாகவே கிடைக்கிறது, ஆனால் அத்தனையும் இடதுகை வண்டிக்கு. ஸ்டியரிங் பாக்ஸ், அதைச் சேஸிஸில் பிடிக்கும் பிராக்கெட், பிட்மன் ஆர்ம், டிராக் ராடு, பெடல் ஷாஃப்ட், பிரேக் மாஸ்டர் சிலிண்டர் பிராக்கெட், டேஷ்போர்டுத் தகடு, ஆக்சிலரேட்டர் லிங்க், கால் ஸ்டார்ட்டர் பெடல்: இவற்றில் ஒன்று குறைந்தாலும் அமெரிக்கக் கேட்லாக் உதவாது. ஆஸ்திரேலியாவில் ஹோல்டன் பூட்டிய செவர்லே பிக்கப்புகளும் வலதுகைதான். இந்தச் சாமான்களுக்கு அங்கே விசாரிக்க வேண்டும், அல்லது இங்கே பழைய வண்டி உடைக்கிற இடத்தில் தேட வேண்டும். இந்தக் கணக்கு தெரியும் முன் பெயிண்டுக்கு அட்வான்ஸ் கொடுப்பது வீண்.

இன்னொன்று, சாக்கில் இருப்பதெல்லாம் உங்கள் வண்டியுடையது என்று நம்ப வேண்டாம். 1951 கதவில் முன்பக்கம் சின்ன முக்கோணக் கண்ணாடி உண்டு, கைப்பிடி கீழே திருப்புகிற ரகம். அமுக்குகிற பட்டன் கைப்பிடி 1952-ல் வந்தது. 1951-ல் பிரேக் பெண்டிக்ஸ் ரகம். அதற்கு முந்தைய அரை டன் வண்டிகளில் ஹக் ரகம், இரண்டுக்கும் ஷூ ஒத்துவராது. டிரம்மைக் கழற்றிப் பார்க்காமல் ஷூ வாங்கிவிட்டுத் திருப்பி அனுப்ப முடியாமல் தவிப்பது சாதாரணமாக நடக்கிறது.

நட்டு போல்ட்டுக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். இந்த வண்டியின் மரை முழுக்க அமெரிக்க இஞ்ச் மரை, அகல மரை யு.என்.சி., நெருக்க மரை யு.என்.எஃப். இரண்டும். நம் ஊர் ஹார்டுவேர் கடையில் கிடைப்பது எம்.எம். மரை, பழைய கடையில் பிரிட்டிஷ் விட்வொர்த். ஐந்து பதினாறு (5/16) இஞ்ச் என்பது 7.94 எம்.எம். அதனால் எட்டு எம்.எம். போல்ட் இரண்டு சுற்றுப் போகும், பிறகு பிடிக்கும், ஸ்பேனர் போட்டு இழுத்தால் மரையைத் தின்றுகொண்டு உள்ளே இறங்கிவிடும். விட்வொர்த் இன்னும் மோசமான ஏமாற்று: மூன்றெட்டு (3/8) இஞ்சில் விட்வொர்த்துக்கும் யு.என்.சி.க்கும் இஞ்சுக்கு 16 மரைதான், ஆனால் மரைக் கோணம் ஒன்றில் 55 டிகிரி, மற்றதில் 60. கையாலேயே முழுக்க ஏறும், இறுகியதுபோல இருக்கும், அதிர்வில் கழன்றுவிடும். முந்தையவர் பூட்டிய ஒவ்வொரு போல்ட்டையும் மரை கேஜ் வைத்துப் பாருங்கள். முக்கியமாக ஸ்பிரிங் பட்டை யு-போல்ட், ஸ்டியரிங் பாக்ஸ், பிரேக் பேக் பிளேட், பெல் ஹவுசிங். மரை போன இடத்தில் அடுத்த பெரிய சைஸ் டேப் அடிக்காமல் ஹெலிகாயில் (கம்பிச்சுருள் மரை) போட்டு அதே சைஸில் வைத்துக்கொள்வது நல்லது.

இனி சேஸிஸ். கறுப்பு பெயிண்டின் அழகைப் பார்க்காதீர்கள், அளவைப் பாருங்கள். சேஸிஸைச் சமதளத்தில் நாலு ஸ்டாண்டில் நிறுத்தி, முன் ஸ்பிரிங் தொங்கல் முளையிலிருந்து (pin) பின்பக்க ஸ்பிரிங் முளை வரை குறுக்காக இரண்டு பக்கமும் அளக்க வேண்டும். கொத்தனார் தூக்குக்குண்டைப் புள்ளிகளிலிருந்து தொங்கவிட்டுத் தரையில் குறித்து, தரைக் குறிகளுக்கு இடையே அளந்தால் நடுவில் எதுவும் இடிக்காது. இரண்டு மூலைவிட்டமும் ஒரு நூலுக்குள் (இஞ்சில் எட்டில் ஒரு பங்கு) ஒத்துவந்தால் சரி. இரண்டு நூலைத் தாண்டினால் சேஸிஸ் நெளிந்திருக்கிறது. கேபின் ஏற்றும் முன் அதை நேராக்குவது ஒரு நாள் வேலை, ஏற்றிய பிறகு ஒரு மாத வேலை. பெயிண்டுக்கு அடியில் வெல்டிங் ஒட்டு இருக்கிறதா என்று ரிவெட் வரிசையை விரலால் தடவிப் பாருங்கள். தொழிற்சாலை ரிவெட்டுக்குப் பதில் போல்ட்டோ வெல்டிங் பொட்டோ இருந்தால் அங்கே ஏதோ நடந்திருக்கிறது.

கேபினில் துரு பிடிக்கும் இடங்கள் தெரிந்தவைதான்: பின்பக்கக் கீழ் மூலைகள், படிக்கட்டுத் தகடு, முன் கண்ணாடிக்குக் கீழே கௌல் என்ற தகடு, தரையில் ஓட்டுநர் காலடி. கவனிக்க வேண்டியது அந்தத் தகடுகளை மாற்றிய விதம். கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புப்பட்டை தாங்கல் கொடுக்காமல் கீழ்ச்சட்டத்தை வெட்டி எடுத்தால் கேபின் மெல்லத் தொய்ந்துவிடும், அதே தொய்வோடு புதுத் தகட்டை வெல்டிங் வைத்து முடித்திருப்பார்கள். கதவு வாசலை மூலைக்கு மூலை அளந்து வலதையும் இடதையும் ஒப்பிடுங்கள். பிறகு கேபினைப் பெயிண்ட் இல்லாமலேயே சேஸிஸ்மேல் ரப்பர் மவுண்ட் போட்டு ஏற்றி, கதவு, பானெட், மட்கார்டு எல்லாம் பூட்டிப் பார்க்க வேண்டும். கதவைச் சுற்றி இடைவெளி சீராக ஒன்றரை நூல் வந்தால் போதும். பெயிண்ட் அடித்த பிறகு முதல்முறையாகக் கதவு மாட்டிப் பார்க்கிற பட்டறைகள் உண்டு. அந்தப் பட்டறைக்கு இந்த வண்டியைக் கொடுக்காதீர்கள்.

பிரைமரைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பாதியில் நின்ற வண்டிகள் அநேகமாக எல்லாமே பிரைமரில்தான் நிற்கின்றன. சாம்பல் பிரைமர் சர்ஃபேஸர் பார்க்க மூடியதுபோல இருக்கும், ஆனால் அது நுண்துளை நிறைந்தது. மேல் பெயிண்ட் பிடிக்க வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். ஐப்பசி கார்த்திகை ஈரம் அதன் வழியே உள்ளே போகும், வெளியே வராது. ஏழு மழைக்காலம் பார்த்த கேபினில் பிரைமருக்கு அடியில் துரு சிலந்திவலை மாதிரி ஓடியிருக்கும். வண்டி நடுவில் தொண்டி, மண்டபம் மாதிரி கடலோரத்தில் நின்றிருந்தால் சந்தேகமே வேண்டாம். (காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் 1953-ல் திறந்தது. துரு அரிப்பு அதன் முக்கியத் துறைகளில் ஒன்று. அதைக் கடற்காற்றில் வைத்துச் சோதிக்க அவர்கள் தேர்ந்தெடுத்த இடம் மண்டபம்.)

சோதனை எளிது. பழைய வெள்ளைத் துணியில் தின்னரை நனைத்து, பிரைமர்மேல் ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்துத் துடையுங்கள். சாம்பல் கரைந்து துணியில் வந்தால் அது சாதாரண என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பிரைமர். அதன்மேல் 2கே (ஹார்ட்னர் கலந்து அடிக்கும்) பெயிண்ட் அடித்தால் அந்தத் தின்னர் அடிப்பிரைமரைக் கரைத்து, பால் ஆடை மாதிரி சுருங்கும். கரையவில்லை என்றால் 2கே அல்லது எபாக்ஸி. அப்போதும் நாலைந்து இடத்தில் உள்ளங்கை அகலம் தேய்த்துத் தகடு வரை போய்ப் பாருங்கள். தகடு வெள்ளியாக மின்னினால் அந்தப் பிரைமரை 180 நம்பர் எமரியில் தேய்த்து அதன்மேல் எபாக்ஸி போடலாம். பழுப்புப் புள்ளி ஒன்று தெரிந்தாலும் முழுக் கேபினையும் தகடு வரை இறக்கிவிடுங்கள். மனசு வராதுதான். ஆனால் இதில் மிச்சம் பிடித்தால் இரண்டாவது வருடம் பெயிண்டில் கொப்புளம் வரும்.

பட்டி எவ்வளவு பூசியிருக்கிறார்கள் என்பதற்குக் காந்தம். ஸ்பீக்கர் காந்தம் வேண்டாம், அது தடித்த பட்டியையும் தாண்டிப் பிடித்துவிடும். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டும் மெல்லிய காந்தம் போதும். அது வழுக்கி விழுகிற இடத்தில் அரை நூலுக்கு மேல் பட்டி இருக்கிறது. அதைச் சுரண்டினால் கீழே தட்டாத நசுங்கலோ, கண்ணாடி நார் ஒட்டிய ஓட்டையோ இருக்கும்.

பெயிண்ட் அடிக்கும் காலமும் முக்கியம். காரைக்குடிப் பக்கம் தை பாதியிலிருந்து பங்குனி ஆரம்பம் வரை நல்ல நாட்கள். மழைக்காலத்தில் அடித்தால் என்.சி. பெயிண்ட் வெளுக்கும், 2கே-யில் ஊசிமுனைப் பொத்தல் வரும். சித்திரை வெயிலில் பெயிண்ட் தகட்டில் விழும் முன்பே காய்ந்து சொரசொரப்பாகும். அந்த மாதத்தில்தான் முடியும் என்றால் மெதுவாகக் காயும் தின்னர் கேட்டு வாங்கி, காலை ஏழு மணிக்குள் முடித்துவிடச் சொல்லுங்கள். செம்மண் தூசிக்குக் கொட்டகைத் தரையில் தண்ணீர் தெளித்துவிட்டு அரைமணி கழித்து அடிப்பது பழைய முறை, இன்றும் அதுதான் நல்ல முறை.

எஞ்சினுக்கு வருவோம். முதலில் என்ன எஞ்சின் என்று பாருங்கள். ராக்கர் மூடியின் நடுமேட்டில் இரண்டு நட்டு இருந்தால் அது 216 ரகம். ஓரத்தில் நாலு ஸ்க்ரூ இருந்தால் 1954-லிருந்து வந்த 235, பெரும்பாலும் எல்லாப் பேரிங்குக்கும் பிரஷரில் எண்ணெய் போகிற ரகம். 1951 வண்டிக்கு உரியது 216.5 கன இஞ்ச், ஆறு சிலிண்டர், மூன்றரை இஞ்ச் போர், மூன்றே முக்கால் ஸ்ட்ரோக், 92 குதிரைச்சக்தி. இதை ஓவராயில் செய்தவருக்கு இந்த எஞ்சினின் எண்ணெய்முறை தெரிந்திருக்கவில்லை என்றால் அவர் செய்த வேலை அத்தனையும் ஐம்பது கிலோமீட்டரில் வீணாகும்.

காரணம் இதுதான். 216-ல் மெயின் பேரிங்குக்குத்தான் பிரஷரில் எண்ணெய் போகிறது. கனெக்டிங் ராடு பேரிங்குக்குப் போவதில்லை. ராடு கேப்பின் அடியில் சின்ன அகப்பை மாதிரி ஒரு தகடு தொங்கும். சம்புக்குள் (எஞ்சின் அடியில் உள்ள எண்ணெய்ச் சட்டி) ஒவ்வொரு ராடுக்கும் கீழே ஒரு தொட்டி. கிராங்க் சுற்றும்போது அகப்பை அந்தத் தொட்டியிலிருந்து எண்ணெயை மொண்டு பேரிங்குக்குள் தள்ளும். வேகம் கூடும்போது அகப்பை தொட்டியைத் தொடும் முன்பே, சம்பில் இருக்கும் நாசில் பீய்ச்சும் எண்ணெய் நேராக அகப்பையின் வாயில் விழும். ராடு பேரிங் கழற்றிப் போடுகிற ஷெல் கிடையாது, ராடிலேயே ஒயிட் மெட்டல் (மென்மையான பேரிங் உலோகம்) உருக்கி ஊற்றி வைத்திருக்கும்.

ஆகவே எஞ்சினைத் தலைகீழாக்கி ஸ்டாண்டில் மாட்டி சம்பைக் கழற்றுங்கள். கால் டன்னுக்கு மேல் கனம், செயின் பிளாக் இல்லாமல் முயல வேண்டாம். ஆறு கேப்பிலும் அகப்பை இருக்கிறதா, சுற்றும் திசையைப் பார்த்து வாய் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு ராடைத் திருப்பிப் போட்டிருந்தால் அதன் அகப்பை எண்ணெய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுற்றும். கேப்பின் இரண்டு பக்கமும் மெல்லிய ஷிம் தகடுகள் இருக்கும். பேரிங் லூசாக இருந்தால் இரண்டு பக்கமும் சமமாக எடுத்து இறுக்குவது முறை. இடைவெளி ஒன்றரை முதல் இரண்டு தௌ (இஞ்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு தௌ). கை அளவு சொன்னால்: கேப்பை முழுக்க இறுக்கிய பிறகு ராடைப் பிடித்து கிராங்க் ஜர்னல்மேல் முன்னும் பின்னும் தள்ளினால் கை பலத்துக்கு நகர வேண்டும். தானாக ஆடினால் லூசு, சுத்தியல் கேட்டால் டைட். ஒயிட் மெட்டலில் விரிசலோ, உதிர்ந்த குழியோ இருந்தால் ஷிம் விளையாட்டு உதவாது. பழைய ஆயில் எஞ்சின், பம்ப் பேரிங்குக்கு ஒயிட் மெட்டல் ஊற்றி அளவுக்குக் கடைகிற (போர் செய்கிற) லேத் பட்டறையைத் தேடிப் போக வேண்டும். போகும்போது கிராங்கையும் கொண்டுபோங்கள்; ஜர்னலை அளக்காமல் போர் செய்தால் மறுபடியும் அலைச்சல்.

சம்பைத் தரையில் தனியாக வைத்து, நாசில் குழாயின் நுழைவாயில் தண்ணீர் ஹோஸ் பொருத்தித் திறந்து விடுங்கள். ஆறு தாரையும் ஒரே சாய்வில், ஒரே உயரத்தில் பாய வேண்டும். ஒன்று மட்டும் கோணலாகப் போனால், யாரோ சம்பை நெம்பிக் கழற்றியபோது நாசில் வளைந்திருக்கிறது. ஒன்று சொட்டினால் அடைப்பு, மெல்லிய செம்புக் கம்பியால் குத்துங்கள், இரும்புக் கம்பி துளையைப் பெரிதாக்கும். முடிந்ததும் தண்ணீரை முழுக்க ஊதி, உலர்த்தி, எண்ணெய் பூசிவிடுங்கள். சம்பை மறுபடி மாட்டும் முன் தொட்டிகள் நிறைய எண்ணெய் ஊற்ற வேண்டும். இல்லையென்றால் முதல் ஸ்டார்ட்டில் ராடுகள் வெறும் தொட்டியில் அகப்பை போடும்.

எண்ணெய் கெட்டியாக இருந்தால் நல்லது என்று 20டபிள்யூ-50 ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த எஞ்சினுக்கு அது தப்பு. அகப்பை ஒருமுறை மொண்டு போன பள்ளம் நிறைவதற்குள் அடுத்த சுற்று வந்துவிடும். மினரல் எஸ்.ஏ.இ. 30 அல்லது 20டபிள்யூ-40, 4.7 லிட்டர். ஓடும்போது எண்ணெய் மீட்டர் 14 பவுண்டுதான் காட்டும். டேஷ்போர்டு மீட்டரே 30 வரைதான் இருக்கிறது. டீசல் வண்டி பார்த்துப் பழகிய மெக்கானிக் இதைக் கண்டு பதறி, பம்ப் ஸ்பிரிங்கில் வாஷர் போட்டு இறுக்கியிருந்தால் அதை எடுத்துவிடுங்கள்.

வால்வு இடைவெளி சூட்டில் வைக்க வேண்டும்: இன்லெட் 6 தௌ, எக்ஸாஸ்ட் 13 தௌ. ஃபயரிங் ஆர்டர் 1-5-3-6-2-4. பாயிண்ட் இடைவெளி புதுசுக்கு 18 தௌ, ஓடியதுக்கு 16. பிளக் 35 தௌ. டைமிங் குறியை முன் புல்லியில் தேடி அலுத்துப்போகிறார்கள். அது ஃபிளைவீலில் இருக்கிறது. பெல் ஹவுசிங்கில் பக்கவாட்டில் ஒரு சின்ன ஜன்னல். பேட்டரி டார்ச் அடித்துக்கொண்டு கிராங்கை மெல்லத் திருப்பினால் ஃபிளைவீல் விளிம்பில் பதித்த ஒரு எஃகுக் குண்டு வந்து நிற்கும். அது முள்ளுக்கு நேர் வந்தால் பிஸ்டன் உச்சிக்கு 5 டிகிரி முன். பெயிண்ட் அடித்தவர் அந்த ஜன்னலையும் சேர்த்துக் கறுப்பாக்கியிருந்தால் குண்டைக் கண்டுபிடிக்கத் தின்னரும் பொறுமையும் வேண்டும்.

கூலிங்குக்கு இரண்டே வார்த்தை. பழைய செம்பு ரேடியேட்டருக்கு இன்றைய காரின் 13 பவுண்டு அழுத்த மூடி போட்டால் ஈயப்பற்று விட்டுவிடும். ஊரில் போர்த் தண்ணீர் உப்பு, அதை ஊற்றாதீர்கள். முற்றத்தில் பிடித்த மழைத்தண்ணீர் இருந்தால் அதோடு கூலன்ட் கலந்து ஊற்றலாம், இல்லையென்றால் டிஸ்டில்டு வாட்டர்.

கியர்பாக்ஸ், பின் ஆக்சில் இரண்டுக்கும் நடுவே இருப்பது திறந்த புரொப்பல்லர் ஷாஃப்ட் இல்லை. டார்க் டியூப் என்ற மூடிய குழாய்க்குள் ஷாஃப்ட் ஓடுகிறது. குழாய்க்குள் இருக்கும் சீல் போனால் கியர்பாக்ஸ் எண்ணெய் குழாய் வழியே பின்னால் போய் டிஃபரன்ஷியலில் சேரும். கியர்பாக்ஸ் வற்றும், டிஃபரன்ஷியல் நிறைந்து வழியும், வழிந்தது பின் பிரேக் ஷூவில் ஏறும். கீழே ஒரு சொட்டும் விழாது, அதனால் யாருக்கும் தெரியாது. முந்தையவர் பின்புறம் புது ஷூ போட்டிருந்தும் அது எண்ணெயில் ஊறியிருந்தால் காரணம் இதுதான். டார்க் டியூப் கழற்ற வேண்டுமென்றால் பின் ஆக்சிலையே பின்னால் இழுக்க வேண்டும். கேபினும் டெக்கும் இல்லாத இப்போதே அதைச் செய்யுங்கள். எண்ணெய் ஜி.எல்.4 தொண்ணூறு நம்பர் வாங்குங்கள்; ஜி.எல்.5-ஐ கியர்பாக்ஸில் ஊற்றினால் பித்தளை சிங்க்ரோ வளையங்களுக்கு ஆகாது.

பிரேக்கில் முந்தையவர் செய்ததில் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். ரப்பர் ஹோஸ் ஏழு வருடம் சும்மா கிடந்தாலும் உள்ளே வீங்கியிருக்கும்: மிதித்தால் பிரஷர் போகும், விட்டால் திரும்பாது, ஒரு சக்கரம் பிடித்தபடியே ஓடும். செம்புக்குழாய் போட்டிருந்தால் எடுத்துவிட்டு, எஃகு பிரேக் குழாயோ செம்பு-நிக்கல் குழாயோ மூன்று பதினாறு இஞ்சில் வாங்கி, இரட்டை மடிப்பு ஃபிளேர் (குழாய் வாய் விரிப்பு) அடியுங்கள். ஒற்றை மடிப்பு விரிந்த இடத்தில் வெடிக்கும். இந்த வண்டியில் பிரேக் லைன் ஒரே சுற்று. ஒரு இடத்தில் விட்டால் நாலு சக்கரத்திலும் பிரேக் இல்லை. வீல் சிலிண்டரில் குழி விழுந்திருந்தால் உள்ளே தேய்த்து (ஹோன் செய்து) ஒப்பேற்றாமல் பித்தளை ஸ்லீவ் போடுங்கள். ஆயில் டாட் 3. பழைய ஷூவைக் காற்றடித்துச் சுத்தம் செய்யாதீர்கள், அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. தண்ணீர் நனைத்துத் துடையுங்கள்.

வயரிங்கில் நடக்கும் தவறுகள் ஏறத்தாழ எல்லாம் ஒரே காரணத்தால்: இது 6 வோல்ட் வண்டி. 12 வோல்ட் வண்டியைவிட அதே வாட்டுக்குக் கரண்ட் இரண்டு மடங்கு. 45 வாட் ஹெட்லைட் ஒன்று ஏழரை ஆம்பியர் இழுக்கும். பைக் வயர் போட்டிருந்தால் லைட் மங்கும், வயர் சுடும். பேட்டரியிலிருந்து செல்ஃபுக்குக் கடையில் கிடைக்கும் கார் கேபிள் போதாது. வெல்டிங் கேபிள் 70 சதுர எம்.எம்., குறைந்தது 50. செல்ஃப் சோம்பலாகச் சுற்றுகிறது, 12 வோல்ட்டுக்கு மாற்றிவிடலாம் என்று யோசனை சொல்கிறவர்களில் பாதிப்பேர் இந்தக் கேபிளைப் பார்க்காதவர்கள். மீதிப் பாதிக்குப் பதில் எர்த்தில் இருக்கிறது. புதிதாகப் பெயிண்ட் அடித்த சேஸிஸில் எர்த் பிடிக்காது. பேட்டரி எர்த், எஞ்சின்-சேஸிஸ் பட்டை, கேபின்-சேஸிஸ் பட்டை மூன்றுக்கும் அடியில் பெயிண்டைச் சுரண்டித் தகடு தெரிய வைத்து, இறுக்கிய பிறகு கிரீஸ் பூசுங்கள். செவர்லேக்கு நெகட்டிவ் எர்த். பழைய இங்கிலீஷ் வண்டி பார்த்துப் பழகிய எலக்ட்ரீஷியன் பழக்கத்தில் பாசிட்டிவை எர்த் செய்துவிடுவார், பக்கத்திலேயே நில்லுங்கள். டைனமோவைக் கழற்றி மாட்டிய பிறகு, எஞ்சின் ஓடாதபோது ரெகுலேட்டரில் பேட்டரி முனையையும் ஆர்மேச்சர் முனையையும் ஒரு துண்டு வயரால் கண்ணிமைக்கும் நேரம் தொட்டு எடுக்க வேண்டும். அந்தச் சின்னப் பொறியில்தான் டைனமோவுக்குத் திசை பிடிக்கும்.

பெட்ரோல் டேங்க் சீட்டுக்குப் பின்னால், கேபினுக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே ஒழுகல் என்பது இங்கே வாடைப் பிரச்சினை மட்டும் இல்லை. உள்ளே துரு இருந்தால் மளிகைக் கடை எலுமிச்சை உப்பு 2 கிலோவை 20 லிட்டர் தண்ணீரில் கரைத்து ஊற்றி, ஆறு மணிக்கொருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைத்து ஒரு நாள் விடுங்கள். வடித்துச் சமையல் சோடாத் தண்ணீரில் அலசி, உடனே உலர்த்தி, கொஞ்சம் எண்ணெய் சுழற்றிவிட வேண்டும்; அரைமணி தாமதித்தால் மறுபடி பழுக்கும். பொத்தல் இருந்தால் வெல்டிங் பக்கம் போகாதீர்கள், காலி டேங்க்தான் வெடிக்கும். இன்று பங்க்கில் வருவது ஈ20 பெட்ரோல். பழைய ரப்பர் டயாஃப்ரமும் ஹோஸும் அதில் ஊறிப் பிசுபிசுத்துப்போகும். பம்ப் டயாஃப்ரம், ஹோஸ் இரண்டும் விட்டான் (Viton) என்ற ரப்பரில் கேட்டு வாங்குங்கள். மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பதாக இருந்தால் டேங்கையும் கார்புரேட்டரையும் வடித்துவிட வேண்டும், ஈ20 காற்றிலிருந்து ஈரம் இழுக்கும்.

டெக் பலகை செட்டிநாட்டில் சந்தோஷமான வேலை. பெட்டி உள்ளளவு 78 இஞ்ச் நீளம், 50 இஞ்ச் அகலம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவிலும் சுற்றுவட்டாரத்திலும் இடித்த வீட்டுப் பர்மாத் தேக்கு கிடைக்கும். உத்தரக் கட்டையில் உள்ளே முறிந்த ஆணி இருக்கும், அறுக்கும் முன் காந்தம் ஓட்டிப் பாருங்கள். ஆறு நூல் கனத்துக்கு இழைத்து, இரண்டு ஓரமும் இரும்புப்பட்டை உட்காரக் காடி எடுத்து, பலகைக்குப் பலகை ஒரு நூல் இடைவெளி விட வேண்டும். இடைவெளி விடாமல் நெருக்கிப் பூட்டினால் முதல் ஐப்பசியில் பலகை பூரித்து நடுவில் மேடு தட்டும். தேக்கில் எண்ணெய் உண்டு, தின்னரால் துடைக்காமல் வார்னிஷ் அடித்தால் உரியும். ஆறு முகமும், போல்ட் ஓட்டைக்குள்ளும் பூசிய பிறகே பூட்டுங்கள். உங்கள் ஊர் ஆசாரிக்கு இது சின்ன வேலை. பட்டைகளின் போல்ட் ஓட்டையைச் சேஸிஸ்மேல் வைத்து அளந்து கொடுப்பது மட்டும் உங்கள் பொறுப்பு.

காகிதத்தை இந்த வேலை எல்லாவற்றுக்கும் முன்பே பார்த்துவிட வேண்டும். ஆர்.சி.-யில் உள்ள சேஸிஸ் நம்பர், எஞ்சின் நம்பர் இரண்டும் வண்டியில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா? நம்பர் தகட்டைப் பெயிண்டுக்காகக் கழற்றி ஏதோ பிஸ்கட் டின்னில் போட்டிருப்பார்கள், அதைத் தேடி எடுங்கள். ஐம்பது வயது தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் வந்த விண்டேஜ் விதியில் புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், மறுபதிவுக்கு 5,000. ஆனால் அந்த விதி பேசுவது இருசக்கர வண்டியையும் சொந்த உபயோகத்துக்கான எம்1 பயணிகள் வண்டியையும். உங்கள் ஆர்.சி.-யில் சரக்கு வண்டி என்று இருந்தால் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டுவிடுங்கள். விண்டேஜ் நம்பர் கிடைத்தாலும் கண்காட்சி, ராலி, பெட்ரோல், பராமரிப்பு என்று சிலவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். தினமும் சந்தைக்கு ஓட்டலாம் என்று நினைத்திருந்தால் பழைய ஆர்.சி.-யை உயிரோடு வைப்பதுதான் வழி. எஞ்சின், சேஸிஸ், பாடியில் பெரிய மாற்றம் செய்த வண்டியை அந்த விதி ஏற்காது. ஆகவே டீசல் எஞ்சின் மாற்றும் யோசனை யாராவது சொன்னால் அதையும் சேர்த்து யோசியுங்கள்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, மீட்டரில் எண்ணெய் பிரஷர் ஏறும்வரை செல்ஃப் அடியுங்கள், பத்து நொடிக்கு மேல் ஒரே மூச்சில் வேண்டாம். ஓட ஆரம்பித்ததும் ராக்கர் மூடியைத் திறந்து பன்னிரண்டு ராக்கரிலும் எண்ணெய் கசிகிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் காய்ந்திருந்தால் உடனே நிறுத்துங்கள், வழி அடைத்திருக்கிறது. இருபது நிமிடம் ஓட்டி, சூட்டோடு வால்வு இடைவெளி பார்த்து, ஆறவிட்டு ஹெட் நட்டுகளை மறுபடி இறுக்குங்கள். முதல் ஓட்டம் காரைக்குடியிலிருந்து பிள்ளையார்பட்டி வரை போதும், மணிக்கு 40-க்குள். போய் நின்றதும் சாமி கும்பிடும் முன் நாலு டிரம்மையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் கை வைக்க முடியாத சூடாக இருந்தால் அந்தச் சக்கரத்து ஹோஸையோ ஷூ அட்ஜஸ்ட்மென்டையோ பார்க்காமல் திரும்பி ஓட்ட வேண்டாம். வீல் நட்டு, யு-போல்ட், ஸ்டியரிங் பாக்ஸ் போல்ட் மூன்றையும் 50 கிலோமீட்டரில் ஒருமுறை, 200-ல் ஒருமுறை இறுக்க வேண்டும். புது ஒயிட் மெட்டல் ஊற்றியிருந்தால் 500-ல் சம்பை இறக்கி ஷிம் பார்த்து, எண்ணெயையும் அப்போதே மாற்றிவிடுங்கள்.